பதினேழாவது பல்

பல் டாக்டர்களிடம் ஒரு பட்டை இருக்கும். அதில் பதினாறு பொய்ப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். பால் வெள்ளையில் ஆரம்பித்து, லேசான மஞ்சள், லேசான சாம்பல் என்று போய் முடியும். சொத்தையை அடைப்பதற்கு முன் அந்தப் பட்டையை நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அந்த நிறத்துப் பசையை எடுப்பார்கள். உலகத்து வாய்கள் எல்லாம் இந்தப் பதினாறுக்குள் அடங்கிவிடும் என்று எவனோ எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அவன் காரிக்குட்டைப் பக்கம் வந்தவன் இல்லை.

சங்கவி காரிக்குட்டையில் பிறந்தவள். அந்த ஊரின் ஆழ்குழாய்த் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்கிற பிள்ளைக்குப் பல் பழுப்பாக, திட்டுத்திட்டாக முளைக்கும்; வயது ஏற ஏற எலும்பும் இறுகிவிடும். பல் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் பேராசிரியர் அவளை எழுப்பி நிறுத்தி, பட்டையை அவள் வாயருகே பிடித்து, பதினாறையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இந்தக் கலருக்கு நம்மகிட்ட கார்டு இல்லம்மா" என்றார். வகுப்பே சிரித்தது.

காரிக்குட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நடை பழகுவது போல அதுவும் பழகிவிடும். அன்று சங்கவியின் கையும் பாதி தூரம் போனது. வந்த ஆத்திரத்தில் அதைப் பிடித்து இறக்கிவிட்டு, பல் அத்தனையும் தெரியப் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைப் பொத்தியதும் இல்லை, அந்த ஆத்திரம் ஆறியதும் இல்லை.

இப்போது அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் பல் டாக்டர். 'இணை' என்ற பசை வந்தபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. அந்தப் பசைக்கு என்று ஒரு நிறம் கிடையாது. பல்லில் வைத்து ஒரு விளக்கைக் காட்டினால் பக்கத்துப் பல்லின் நிறத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். எந்த வெயிலில் பார்த்தாலும், எந்தக் கேமராவில் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் போடவில்லை. ஜெயித்த பிறகு எதிரியைக் கண்ணெதிரே வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பிறகுதான் ஒளிமுகம் அறக்கட்டளை இலவச முகாம் போட்டது. மலைக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும் கம்ப்யூட்டர்ச் சில்லு ஆலையின் தர்மக் கணக்கு அது. அதை நடத்த வந்த லாவண்யா, முகாமுக்கு என்று தனியாகச் செய்த விளக்கைக் கொடுத்தாள். அது பக்கத்துப் பல்லைப் பார்க்காது. பால் வெள்ளைக்குப் பூட்டி வைத்த விளக்கு.

"பழுப்புக்குப் பக்கத்துல பழுப்பா ஒட்டறதுக்கு எதுக்கு மேடம் கேம்ப்?" என்று லாவண்யா சிரித்தாள். "முன்பல்லு மேல மெல்லிசா ஒரு பூச்சு. பசங்க நாளைக்கு இன்டர்வியூ போகணும், பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகணும்."

அது நியாயமாகத்தான் பட்டது. சங்கவியே தன் கையால் பாதி ஊருக்குப் போட்டுவிட்டாள். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்த பிள்ளைகள் குதித்த குதியைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியதும் உண்மை. அவள் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. தன் பல்லை மாற்றினால் அந்தப் பேராசிரியர் ஜெயித்ததாகிவிடும் என்று ஒரு பிடிவாதம்.

*

அந்தப் பூச்சு எதற்காகப் போடப்பட்டது என்பது ஒரு புதன்கிழமை காலையில், பள்ளிக்கூட வராந்தாவில் தெரிந்தது.

நீர்ப் பாதிப்பு ஆணையத்திலிருந்து தர்ஷன் என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். டார்ச் லைட் மாதிரி ஒரு படக்கருவி. அதற்கு முதலில் ஒரு வெள்ளைப் பீங்கான் பல்லைக் காட்டினார். "இது மாதிரி. இதோட ஒப்பிட்டுத்தான் மத்த பல்லைப் பார்க்கும்" என்று சங்கவிக்கு விளக்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஈயென்று காட்டினார்கள். ஒவ்வொரு வாய்க்கும் பச்சை விளக்கு எரிந்தது. கடைசியில் கருவி கணக்குச் சொன்னது. பாதிப்பு: பூஜ்யம்.

"ஊருக்கு நல்ல செய்தி டாக்டர்" என்று தர்ஷன் சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். பெரியவர்கள் முன்னால் மரியாதை தெரிந்த பிள்ளை என்று சங்கவி நினைத்துக்கொண்டாள்.

"என்ன சார் பூஜ்யம்? அது பூச்சு. இதுல பாதி நான் போட்டது."

"கருவி பூச்சுன்னு காட்டலையே மேடம்."

"காட்டாது. காட்டக் கூடாதுன்னுதானே அந்தப் பசையைக் கண்டுபிடிச்சாங்க! கேப்பையில நெய் வடியுதுன்னு கருவி சொன்னா, கேக்கற நமக்கு புத்தி எங்க போச்சு? தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க."

"தண்ணி எடுத்தா மழைக்கு ஒரு அளவு வரும், கோடைக்கு ஒரு அளவு வரும். ஆலைக்காரங்க கோர்ட்ல அதை வெச்சே ஜெயிச்சிட்டாங்க. அதனாலதான் விதியை மாத்தினாங்க. சின்ன வயசுல குடிச்ச தண்ணி அவ்வளவும் பல்லுல பதிஞ்சிருக்கும், பல்லு பொய் சொல்லாதுன்னு."

"இப்ப சொல்லுதே சார். அதுவும் சிரிச்சிக்கிட்டே சொல்லுது."

இந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருந்தது. பாதிப்பு உண்டு என்று வந்தால் காரிக்குட்டைக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வரும், ஆலை ஆழத்திலிருந்து உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும். ஆலை உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க விஷம் கூடிக்கொண்டிருந்தது. பூஜ்யம் என்று வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். இன்று ஈயென்று காட்டிய பிள்ளைகள் மறுபடி அதே குழாயில்தான் வாய் வைக்க வேண்டும்.

அப்போதுதான் சங்கவிக்கு உறைத்தது. முகாமில் எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரைதான் முதலில் என்று லாவண்யா ஏன் அப்படி வரிசைப்படுத்தினாள்? ஆணையம் பார்க்கிற வயதும் அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைப் பிசைந்து கொடுத்தது அவள் கை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க வா!" என்று கத்தினாள்.

மாதம்மாள் வந்தாள். சங்கவிக்கு மூத்தவள், இந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல். வயது அறுபதுகூட ஆகவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி, "என்னாடி?" என்றாள்.

"தாடையை நெஞ்சுல வை."

"எதுக்குடி இப்போ?"

"சாருக்குக் காட்டணும், வை."

மாதம்மாள் முயன்றாள். தாடை பாதி தூரம்கூட இறங்கவில்லை. குனியச் சொன்னாள் சங்கவி; இடுப்பு மடங்கவில்லை. கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். மாதம்மாளும் சேர்ந்து சிரித்தாள். வாயைப் பொத்தக்கூட அவள் கை சரியாக எழும்பவில்லை.

தர்ஷன் தரையைப் பார்த்தார். "எலும்பு என்னோட படிவத்துல இல்ல மேடம். பல்லு மட்டும்தான்."

"அப்போ இவங்க யாரோட படிவத்துல இருக்காங்க?"

"அது வேற துறை."

சங்கவி சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. தர்ஷன் கோபப்படவில்லை. மறு ஆய்வுக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு, ஆனால் பூச்சு என்று நிரூபிக்க வேண்டும், சுரண்டிப் பார்ப்பதானால் பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். சுரண்டாமல் எப்படி நிரூபிப்பது என்று கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். "தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

*

சங்கவி வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டிலும் சம்மதம் கிடைக்கவில்லை.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சிப் பார்க்கலாமா டாக்டரம்மா?" என்றார்கள். "புள்ள இப்பதான் நாலு பேர் முன்னால சிரிக்குது" என்றார்கள். ஒருத்தி, "நீங்களே போட்டீங்க, நீங்களே எடுக்கணும்னு வர்றீங்க. எங்க புள்ளைங்க வாயி என்ன உங்களுக்குச் சுவரா, வெள்ளையடிச்சிச் சுரண்டறதுக்கு?" என்று கதவைச் சாத்தினாள். 

ஊரில் ஒருவர் முன்வந்தால் மற்றவர்கள் வருவார்கள் என்று நினைத்து அக்கா மகளிடம் போனாள். தன்ஷிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம். அதற்கு முன் இரண்டு இடம் வந்து, காப்பி குடித்து, பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் பூச்சுக்குப் பிறகு வந்தவர்கள்.

"முடியாது சித்தி" என்றாள் தன்ஷிகா. துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீ டாக்டரு. பழுப்புப் பல்லோட உக்காந்தாலும் மேடம்னு கூப்பிடுவாங்க. என்னைக் காலேஜ்ல எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா? துருப்பிடிச்சவ. மூணு வருசம். நீ வாயைத் திறந்து சிரிச்சா அதுக்குப் பேரு தைரியம். நான் சிரிச்சா அசிங்கம்."

"உன் அம்மா கழுத்தைப் பாருடி."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நான் சுரண்டினா அது திரும்புமா?"

மாதம்மாள் அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். "விடு சங்கவி" என்றாள். "இவ போற எடத்துல வேற தண்ணி. இவ வயித்துல பொறக்கறதாவது வேற தண்ணி குடிக்கட்டும். அதுக்குத்தான்டி இந்தக் கல்யாணமே."

சங்கவிக்கு அக்கா மேல் கோபம் வந்தது, மகள் மேல் வந்தது, கடைசியில் யார் மேல் படுவது என்று தெரியாமல் வாசலில் கிடந்த தண்ணீர்க் குடத்தை ஓர் உதை விட்டாள். குடம் உருண்டது. கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

*

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டபடி டிஜே வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றார்கள். தன்ஷிகா சிரித்துக்கொண்டே இருந்தாள். சேர்த்து வைத்த சிரிப்பு எல்லாவற்றையும் அன்றைக்கே செலவழித்துவிடுவது போல இருந்தது. கை ஒரு தடவைகூட வாய்க்குப் போகவில்லை. அதைப் பார்த்து, தான் கேட்டது தப்போ என்றுகூட சங்கவிக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

இளவட்டங்கள் ஆட ஆரம்பித்தார்கள். டிஜே மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டான். வெள்ளைச் சட்டைகளும் வேட்டிகளும் பளீரென்று நீலமாக எரிந்தன. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். கத்திய வாய்கள் திறந்தே இருந்தன.

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. ஈரோட்டு வாய்களில் பல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. காரிக்குட்டை வாய்களில் ஒன்றுமே இல்லை. முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. பிள்ளைகள், பெரியவர்கள், பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாமன்மார்கள், மேடையில் மணப்பெண், எல்லோருக்கும் வாய்க்குள் கறுப்புப் பொந்து.

முதலில் யாரோ வேடிக்கை என்று சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பொந்துகள் பெருகின. பிறகு மாப்பிள்ளையின் அத்தை மேடையில் ஏறி, தன்ஷிகாவின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். சந்தையில் பல் பார்த்து மாடு பிடிக்கிறவள் போலத்தான் பிடித்தாள்.

"இது என்னா வாயா, கரிச்சட்டியா? பொண்ணுக்குப் பல்லு எல்லாம் வேசமாப்பா? கூட்டமே வேசம் போட்டுக்கிட்டு வந்திருக்குதுங்க!"

விளக்கைப் போடுங்கள் என்று யாரோ கத்தினார்கள்; யாரும் போடவில்லை. தன்ஷிகா அந்தக் கையைத் தட்டிவிட்டு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். "விடுங்கத்தை" என்று சொல்லியிருந்தால் போதும். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பல் வெள்ளையாக ஒளிர்ந்து என்ன, அதைத் திறக்கத் தெரியவில்லை.

அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். மாதம்மாள் "அடியே!" என்று எழ முயன்று முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். தன்ஷிகா மேடையிலிருந்து இறங்கி நேராக டிஜேயிடம் போய், ஊதா விளக்கைக் கம்பத்திலிருந்து பிடுங்கி, அது எரிந்தபடியே இருக்க ஒயரோடு இழுத்துக்கொண்டு சங்கவியிடம் வந்தாள். முகத்தில் மை வழிந்திருந்தது.

"சித்தி, உனக்கு இந்த லைட்டு வேணுமா?"

சங்கவி அப்போதுதான் கவனித்தாள். பக்கத்துத் தூணில் பதித்திருந்த கண்ணாடியில் தன் வாய் தெரிந்தது. திட்டுத்திட்டாக, மங்கலாக, ஆனால் ஒளிர்ந்தது. பெண் வீட்டார் கூட்டத்திலேயே அசல் பல் அவளுடையது ஒன்றுதான்.

*

மறுநாள் காலை லாவண்யாவுக்கு போன் போட்டாள். கல்யாணம் நின்றுபோன வீட்டில் யாரும் தூங்கியிருக்கவில்லை. தன்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெசப் பல்லு ஊதா லைட்ல தானா ஒளிரும். கடையில நோட்டைப் பார்க்கற லைட்ல நல்ல நோட்டு காட்டுதே, அந்த மாதிரி. பசையில அதுக்குன்னு ஒரு பொடி சேர்ப்பாங்க. உங்க சிட்டி பாக்கெட்ல அது இருக்குது, நானே பார்த்திருக்கேன். கேம்ப் பாக்கெட்ல ஏன் இல்ல?"

லாவண்யா அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அது காஸ்ட்லி மேடம். சிட்டியில பப்புக்குப் போவாங்க, டான்ஸ் ஆடுவாங்க, அங்க இந்த லைட் இருக்கும். ரூரல் பேக்ல தேவைப்படாதுன்னு எடுத்துட்டாங்க. உங்க ஊர் ஆளுங்க எந்த டிஸ்கோவுக்குப் போகப் போறாங்க, சொல்லுங்க?"

 தண்ணீரைத் திருடினார்கள். திருடியது தெரியாமல் இருக்கப் பிள்ளைகள் வாயில் வெள்ளையடித்தார்கள். அதிலும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இதுகள் வீட்டில் வெளிச்சம் போட்டு யார் ஆடப் போகிறார்கள் என்ற இளக்காரம்.

"நேத்து ஆடினாங்கம்மா" என்றாள் தன்ஷிகா, போனைப் பார்த்து. பிறகு அதை வாங்கி அணைத்தாள்.

இந்த முறை அவர்கள் வீடு வீடாகப் போகவில்லை. வீடுகள் தாமாக வந்தன. மண்டபத்தில் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவர்கள் அவர்கள். கதவைச் சாத்தியவள்தான் முதலில் வந்தாள். "சுரண்ட வேணாம், லைட்டு மட்டும்தானே? நல்லாக் காட்டு. அந்தப் பொம்பளை சொன்ன கரிச்சட்டியை அந்த ஆபீசரும் பார்க்கட்டும்" என்றாள்.

*

மறு ஆய்வுக்குத் தர்ஷன் வந்தபோது ஐந்தாம் வகுப்பு அறையின் ஜன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே கும்மிருட்டு. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மாதம்மாள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தன்ஷிகா விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பார்த்துக்குங்க" என்றாள் சங்கவி. "புள்ளைங்களா, சிரிங்க."

ஊதா வெளிச்சத்தில் சட்டைகள் எரிந்தன. வரிசை முழுக்க வாயில் இருட்டு. சங்கவி அவர்கள் பக்கத்தில் போய் நின்று தன் பல்லைக் காட்டினாள். அது மட்டும் திட்டுத்திட்டாக ஒளிர்ந்தது.

"இதுங்க எல்லாம் பூச்சு. இது அசல். சுரண்டல, கருவி வெக்கல. இதுக்கு மேல என்னா வேணும் உங்களுக்கு?"

தர்ஷன் கதவருகிலேயே, வெளிச்சம் படாமல் நின்றிருந்தார்.  பிறகு இரண்டடி முன்னால் வந்தார்.

"கண்ணுக்குத் தெரியுது மேடம். ஒத்துக்கறேன். ஆனா விதிப்படி வெறும் கண்ணால பார்க்கறதை நான் எழுதிக்க முடியாது. ஆணையம் என்ன கேக்கும்னா..."

வரிசையில் இருந்த ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். "டாக்டரம்மா, சார் வாயும் எங்க வாய் மாதிரியே இருக்குது!"

தர்ஷனின் கை சடக்கென்று வாய்க்குப் போனது.

சங்கவிக்கு அந்தக் கையைத் தெரியும். போன வேகத்தைத் தெரியும். அதை மரியாதை என்று நினைத்தவள் அவள். காரிக்குட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கே அது தெரியாமல் போயிருக்கிறது.

"எந்த ஊரு சார் நீங்க?"

அவர் கைக்குள்ளிருந்து, இதே பாறைத் தண்ணீர் குடிக்கிற பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். "சின்னப்பாறை."

"சின்னப்பாறைக்கும் போன வருசம் பூஜ்யம்தான் வந்துச்சு. அதை யாரு போட்டது?"

அவர் இன்னொரு கையால் கருவிப் பையை இறுக்கிக்கொண்டார்.

"உங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"ம்."

"தாடை நெஞ்சுல படுமா அவங்களுக்கு?"

அவர் கதவைப் பார்த்தார். சங்கவிக்குக் குரல் உயர்ந்தது. "வாய்க்குள்ள சாட்சியை வெச்சிக்கிட்டு என்கிட்ட ஆதாரம் கேட்டீங்களே! எங்கக்கா உங்க முன்னால குனிய முடியாம நின்னா. தரையைப் பார்த்தீங்களே தவிர ஒரு வார்த்தை சொன்னீங்களா? பெத்த தாய்க்கே பூஜ்யம் போட்ட ஆளு, எங்களுக்கா நியாயம் பண்ணப் போறீங்க?"

"முதல் இன்டர்வியூல என் பல்லைத்தான் மேடம் பார்த்தாங்க. பேப்பரைப் பார்க்கல" என்றார் அவர் மெதுவாக. "ஊர்ல கேம்ப் வந்துச்சு, போட்டுக்கிட்டேன். அடுத்த இன்டர்வியூல வேலைக்கு எடுத்துட்டாங்க. இப்ப நான் வாயைத் திறந்தா அந்தப் பூஜ்யம் பொய்யாயிடும். என் வேலையும் போயிடும்."

"எனக்குக் கல்யாணமே போயிடுச்சு" என்றாள் தன்ஷிகா. விளக்கை நேராக அவர் முகத்துக்குத் திருப்பினாள். "கையை எடுங்க சார்."

 வெளியே சாம்பார் கருகுகிற வாசனை வந்தது. மாதம்மாள் அதைக் கவனிக்காதது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். கடைசியில் அவள்தான் பேசினாள்.

"தம்பி, அந்தப் புள்ள சொல்றதைக் கேளு. எனக்குக் கையைத் தூக்கவே முடியாது. உனக்கு இறக்கத்தானே சொல்றா."

தர்ஷன் கையை இறக்கினார்.

பிறகு பையைத் திறந்து கருவியை எடுத்தார். கூடவே இருந்த வெள்ளைப் பீங்கான் பல்லையும் எடுத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆசிரியர் மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"விதியில எந்த லைட்டுன்னு எழுதல மேடம்" என்றார். "மாதிரியோட ஒப்பிடணும்னு மட்டும்தான் எழுதியிருக்கு. மாதிரி எதுன்னா, அதிகாரி காட்டறது."

கருவியைத் தன் பக்கம் திருப்பி, ஊதா வெளிச்சத்தில் வாயை முழுக்கத் திறந்து, பொத்தானை அழுத்தினார். மாதிரி மாறியிருக்கிறது, சரிதானா என்று கருவி கேட்டது. சரி என்று அழுத்தினார். இது பாதிப்பில்லாத பல்லா, பாதிப்புள்ள பல்லா என்று கேட்டதற்குப் பாதிப்புள்ளது என்று அழுத்தினார். இந்த மாதிரி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று அடுத்துக் கேட்டது. அவர் தன் பெயரையும், ஊரையும், பூச்சு போட்ட வருடத்தையும் சொன்னார். அறைக்கே கேட்கும்படி சொன்னார்.

அவருக்கென்று சங்கவி இன்னும் நிறைய வசவு சேர்த்து வைத்திருந்தாள். எதுவும் வெளியே வரவில்லை. அதற்காக மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. சின்னப்பாறையில் ஒரு வருடமாகப் பிள்ளைகள் குடித்த தண்ணீரை யாரும் திருப்பி எடுக்க முடியாது. அவளுடைய கை மேல்சட்டைப் பைக்குள் போனது. அந்தப் பழைய பட்டை விரலில் நெருடியது. பால் வெள்ளையிலிருந்து சாம்பல் வரை பதினாறு. அதில் இல்லாத ஒன்று இதோ, எதிரே, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

களுக்கென்று சிரித்த சிறுமிதான் முதலில் வந்தாள். ஈயென்று காட்டினாள். கருவி அவள் வாயை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இந்த ஊரில் முதல் முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒத்துப்போகுது" என்றார் தர்ஷன், கை வாய்க்குப் போகாமல். "அடுத்து."